பழைய லேப்டாப்பில் போட்டோ வேலை: போட்டோஷாப் இல்லாமலே முடியும்

திருமங்கலத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் இன்னும் ஓடுகிறது, ரேம் நாலு ஜிபி. போனில் எடுத்த சித்திரைத் திருவிழா படங்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. போட்டித் தேர்வு விண்ணப்பங்களுக்குப் போட்டோவையும் கையெழுத்தையும் கேபி கணக்கில் சுருக்கியாக வேண்டும். அம்மா வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறார், அதற்கும் நல்ல படம் வேண்டும். கடையில் கேட்டால் போட்டோஷாப் ஏற்றித் தருகிறோம் என்கிறார்கள். "காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளட்டுமா அண்ணே, இல்லை இலவசமாக, லேசாக ஏதாவது இருக்கிறதா?"

போட வேண்டாம் தங்கச்சி. இன்றைய போட்டோஷாப்புக்குக் குறைந்தது எட்டு ஜிபி ரேம் வேண்டும் என்று அதைச் செய்பவர்களே சொல்கிறார்கள். உங்கள் லேப்டாப் அதைத் திறப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். அதைவிட முக்கியமான விஷயம், சந்தா கட்டாமல் யாராவது "ஏற்றி" தருவது பெரும்பாலும் கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. அதை நிறுவும்போதே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அணைத்த அந்த நேரத்தில் கூடவே என்ன உள்ளே நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. விண்ணப்பம், வங்கிக் கணக்கு, ஆதார் நகல் எல்லாம் இருக்கும் கணினியில் அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

நீங்கள் சொன்ன வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். படங்களைப் பார்ப்பது, வேண்டாததைக் கழிப்பது, ஓரத்தை வெட்டுவது, சாய்ந்ததை நிமிர்த்துவது, கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவது, அளவைச் சுருக்குவது. இதில் முக்கால்வாசி வேலை கண்ணுக்குத்தான். உங்களுக்கு முதலில் வேண்டியது வேகமாகத் திறக்கும் ஒரு வியூவர், அதாவது படம் பார்க்கும் நிரல், அதிலேயே இந்தச் சில்லறை எடிட்டிங்கும் இருந்தால் போதும். பெரிய எடிட்டர் எப்போதாவது ஒரு நாள் தேவைப்படும், அதற்கும் இலவசமாகவே வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

விண்டோஸ் இருக்கிறது என்றால் என் முதல் பரிந்துரை இர்ஃபான்வியூ. போஸ்னியாவின் யாய்ட்சே ஊரில் பிறந்து வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கில்யான் என்ற ஒரே மனிதர் 1996-இல் வெளியிட்டது, இன்று வரை அவரே புதுப்பித்துக்கொண்டு வருகிறார். நிறுவும் கோப்பு சில எம்பிதான். விண்டோஸின் பழைய பதிப்புகளிலும் ஓடும். கிளிக் செய்த மறுநொடி படம் வந்து நிற்கும், பழைய லேப்டாப்பில் இந்த ஒன்றுக்கே அதைக் கும்பிடலாம். வீட்டு உபயோகத்துக்கும் பள்ளி கல்லூரிகளுக்கும் இலவசம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் உரிமம் வாங்க வேண்டும், அம்மாவின் சேலை விஷயத்தில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

இறக்கும்போது கவனம். தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், பச்சை நிறத்தில் பெரிதாக "டவுன்லோட்" என்று இருப்பதெல்லாம் அது இல்லை. இர்ஃபான்வியூ டாட் காம் என்ற அவர்களுடைய தளத்துக்கே நேராகப் போங்கள். 32 பிட், 64 பிட் என்று இரண்டு இருக்கும். அங்கேயே கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் பிளக்இன் தொகுப்பு தனியாக இருக்கும், அதையும் சேர்த்துப் போடுங்கள். ஒரே நிபந்தனை, நிரல் 32 பிட் என்றால் பிளக்இன்னும் 32 பிட்டாக இருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் வேலை செய்யாது.

இனி திருவிழாப் படங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அந்த விடியலில் யாராக இருந்தாலும் பட்டனிலிருந்து விரலை எடுக்க மாட்டார்கள். குதிரை வாகனம் தெரிந்ததும் வரிசையாக நாற்பது படம் விழுந்திருக்கும், அதில் முப்பத்தைந்தில் முன்னால் நின்றவரின் கையும் போனும்தான் இருக்கும். இவற்றை எடிட் செய்து காப்பாற்ற முயல வேண்டாம், கழியுங்கள். முதல் படத்தை இர்ஃபான்வியூவில் திறந்து என்டர் அழுத்தினால் முழுத்திரை. அம்புக்குறியைத் தட்டத் தட்ட அடுத்தடுத்த படம். பிடித்தது வந்தால் எஃப்8. எந்த ஃபோல்டருக்கு நகல் எடுக்க என்று கேட்கும், அதில் முன்கூட்டியே சில ஃபோல்டர்களைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்: "வீட்டுக்கு", "அத்தைக்கு", "பிரின்ட்". ஒரு முறை குறித்தால் அப்புறம் ஒரே தட்டல். தேரோட்டம், திருக்கல்யாணம், எதிர்சேவை, ஆற்றில் இறங்கியது என்று மொத்தத்தையும் ஒரு மாலையில் பிரித்து முடித்துவிடலாம். டெலீட் பட்டனை முதல் சுற்றில் தொடாதீர்கள். நல்லதை எடுத்துக்கொண்டு போங்கள், மிச்சத்தை ஒரு மாதம் கழித்துப் பார்த்து அழிக்கலாம்.

தேர்ந்தெடுத்த படங்களில் பாதிக்கு ஒரே குறைதான் இருக்கும், சாய்வு. கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் எவ்வளவு நல்ல படமும் கண்ணை உறுத்தும். கன்ட்ரோல்-யு அழுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றும் ஜன்னல் வரும். ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி, அவ்வளவுதான் வேண்டியிருக்கும். சுழற்றியதும் மூலைகளில் வெற்றிடம் தெரியும், அதைத் தவிர்த்து மவுஸால் கட்டம் இழுத்து கன்ட்ரோல்-ஒய் கொடுத்தால் வெட்டிவிடும். திருமலை நாயக்கர் மகாலில் கீழிருந்து மேல்நோக்கி எடுத்தால் தூண்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். அது சாய்வு கிடையாது, கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வருவது, சுழற்றினால் தீராது. அதற்கு ஜிம்ப் என்ற இலவசப் பெரிய எடிட்டரில் இருக்கும் பெர்ஸ்பெக்டிவ் கருவி வேண்டும்.

வெளிச்சத்துக்கு ஷிஃப்ட்-யு தானியங்கித் திருத்தம், ஷிஃப்ட்-ஜி கொடுத்தால் நாமே இழுத்துப் பார்க்கும் ஸ்லைடர்கள். நம் ஊர் வெயிலில் எடுத்த படங்களில் வெள்ளை வேட்டி பளீரென்றும் முகம் இருட்டாகவும் இருக்கும். அங்கே பிரைட்னஸை ஏற்றினால் வேட்டி மொத்தமும் வெளிறிப்போகும். நடுத்தர வெளிச்சத்தை மாற்றும் காமா ஸ்லைடரை மட்டும் 1.2, 1.3 என்று ஏற்றிப் பாருங்கள், முகம் தெளியும், வேட்டியின் மடிப்பும் தங்கும். விடிகாலைப் படங்களில் இதையும் அளவோடு செய்யுங்கள், இருட்டைக் கிளறினால் மணல் தூவியதுபோல் புள்ளிகள்தான் மேலே வரும்.

இவ்வளவுக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, இதில் நான் கறாராகவே சொல்வேன்: மூலப் படத்தின் மேல் சேவ் செய்யாதீர்கள். இர்ஃபான்வியூவில் கன்ட்ரோல்-எஸ் கொடுத்தால் அதே கோப்பின் மேல் எழுதிவிடும், வெறும் எஸ் கொடுத்தால் புதுப் பெயர் கேட்கும். வெறும் எஸ் பழகிக்கொள்ளுங்கள். போன் படங்கள் வழக்கமாக வரும் ஜேபெக் என்பது படத்தை எட்டுக்கு எட்டு புள்ளி (பிக்சல்) கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் படாத நுணுக்கத்தைத் தூக்கி எறிந்து சுருக்கும் முறை. திறந்து மாற்றி சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். போனது திரும்பாது. படத்தை வலப்பக்கமோ இடப்பக்கமோ திருப்புவது மட்டும்தான் வேலை என்றால் ஷிஃப்ட்-ஜே என்ற வழி இருக்கிறது, பிளக்இன் போட்டிருந்தால் தரம் குறையாமல் திருப்பித் தரும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தையே மூலமாக வைத்துக்கொண்டு பிரின்ட் போடுபவர்களும் உண்டு. வாட்ஸ்அப் ஏற்கெனவே ஒரு முறை நன்றாகச் சுருக்கியிருக்கும். எடுத்தவரிடம் கேட்டு, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

அடுத்தது விண்ணப்பப் போட்டோ. பிரவுசிங் சென்டர்களில் அதிகம் கெட்டுப்போவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பல விண்ணப்பங்கள் போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் என்று கேட்கும். தேர்வுக்குத் தேர்வு மாறும், அறிவிக்கையை ஒரு முறை பார்த்துவிடுங்கள். போனில் எடுத்த படம் ஏறக்குறைய 4000-க்கு 3000 புள்ளி, மூன்று நான்கு எம்பி இருக்கும். அதே 4000 புள்ளியை வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் குறைத்து 50 கேபிக்குக் கொண்டுவந்தால் முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். கன்னம் ஒரு கட்டம், மூக்கு ஒரு கட்டம். ஹால் டிக்கெட்டில் அடையாளம் தெரியாமல் அச்சாகும் முகங்களில் பல இப்படி உருவானவை. முதலில் புள்ளிகளைக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் தரம்.

செய்முறை இப்படி. ஷிஃப்ட்-சி அழுத்தி வெட்டும் விகிதத்தை 7-க்கு 9 என்று கொடுங்கள். 3.5 சென்டிமீட்டருக்கு 4.5 சென்டிமீட்டர் பாஸ்போர்ட் அளவின் விகிதம் அதுதான். கட்டத்தை நகர்த்தி, தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, தோள் தெரிகிற மாதிரி வைத்து கன்ட்ரோல்-ஒய். அப்புறம் கன்ட்ரோல்-ஆர், அகலம் 413, உயரம் 531. 300 டிபிஐ-யில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், பாஸ்போர்ட் அளவுக்கு இத்தனை புள்ளிகள்தான் வேண்டும். இன்னும் சிறிதாகக் கேட்டால் 276-க்கு 354, அது 200 டிபிஐ கணக்கு. இப்போது எஸ் அழுத்தி ஜேபெக் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் ஒரு சிறு ஜன்னல் வரும். அதில் தரத்தை 80, 85 என்று வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் 50 கேபிக்குள் அடங்கிவிடும். பிளக்இன் தொகுப்பு இருந்தால் கோப்பு இத்தனை கேபிதான் இருக்க வேண்டும் என்று எண்ணையே கொடுக்கும் வசதியும் அங்கே உண்டு, 45 என்று போட்டுவிடுங்கள். சேவ் செய்த கோப்பைத் திறந்து ஐ அழுத்தினால் அளவும் புள்ளியும் காட்டும்.

கையெழுத்துக்கு வெள்ளைத் தாள், கறுப்பு மை. ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், போனின் நிழல் தாளில் விழாமல் எடுங்கள். கையெழுத்தை ஒட்டி வெட்டி, கன்ட்ரோல்-ஜி கொடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட் கொஞ்சம் ஏற்றினால் சாம்பல் நிறத் தாள் வெள்ளையாகிவிடும். இங்கே பலர் எதிர்ப்பக்கமாக மாட்டிக்கொள்கிறார்கள். கோப்பு 6 கேபிக்கு வந்துவிடும், விண்ணப்பம் ஏற்காது, ஏன் என்று புரியாமல் இன்னும் சுருக்குவார்கள். குறைந்தபட்ச அளவும் ஒரு விதிதான். அகலத்தையோ தரத்தையோ கொஞ்சம் ஏற்றுங்கள், சரியாகிவிடும்.

இந்த வேலைக்கு "50 கேபியாக்கித் தருகிறோம்" என்று சொல்லும் இணையதளங்கள் ஏராளம். தயவுசெய்து வேண்டாம். உங்கள் முகம், கையெழுத்து, சில சமயம் ஆதார் நகல், மூன்றும் யாரென்று தெரியாத ஒருவருடைய சர்வருக்குப் போகிறது. கையெழுத்தும் போட்டோவும் சேர்ந்து கிடைத்தால் என்னென்ன செய்யலாம் என்பதை யோசித்தாலே எனக்குப் பதறுகிறது. வீட்டு லேப்டாப்பில் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை இது. பிரவுசிங் சென்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வேலை முடிந்ததும் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின் மூன்றிலும் உங்கள் கோப்பு இல்லை என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, கேட்டால் கடைக்காரரே அழித்துத் தருவார்.

அம்மாவின் சேலைகளுக்கு வருவோம். இது வியாபாரம், ஆகவே உரிமம் வாங்காமல் இர்ஃபான்வியூ கூடாது. எக்ஸ்என்வியூ, ஃபாஸ்ட்ஸ்டோன் என்ற வேறு இரண்டு வியூவர்களும் அருமையானவை, ஆனால் அவையும் வீட்டு உபயோகத்துக்குத்தான் இலவசம். ஒருவர் தன் உழைப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தால் அதை மதிப்பதுதான் முறை. வியாபாரத்துக்கும் தடையில்லாமல் பயன்படுத்த நோமாக்ஸ் என்ற வியூவர் இருக்கிறது, கட்டற்ற மென்பொருள், வெட்டுவது சுருக்குவது எல்லாம் அதிலும் உண்டு. பெயின்ட் டாட் நெட் என்ற எடிட்டரையும் தொழிலுக்கு வைத்துக்கொள்ளலாம். வாஷிங்டன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் 2004-இல் மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது, விண்டோஸில் மட்டும் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலே ஜிம்ப்.

சேலைப் படத்தில் ஒரே பிரச்சினைதான், நிறம். சுங்குடியின் அரக்குச் சிவப்பு போனில் ஆரஞ்சாகவும், மாம்பழ மஞ்சள் வெளிறியும் வரும். டியூப்லைட்டில் எடுத்தால் கேட்கவே வேண்டாம். வாசல் திண்ணையில், நேர் வெயில் படாத நிழலில், காலை ஒன்பது பத்து மணிக்கு விரித்து எடுங்கள். எடிட்டிங்கில் பாதியை அதுவே மிச்சப்படுத்தும். முதல் படத்தில் மட்டும் சேலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுங்கள். அந்தப் படத்தை ஜிம்ப்பில் திறந்து, கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் போனால் கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்று சொட்டுக் குழாய்கள் இருக்கும். சாம்பலைத் தேர்ந்தெடுத்துத் தாளின் மேல் கிளிக் செய்யுங்கள். அந்தத் தாளுக்கு நிறச்சாயம் இல்லை என்று அது புரிந்துகொண்டு மொத்தப் படத்தையும் திருத்தும். அந்த அமைப்பைப் பெயர் கொடுத்துச் சேமித்து, அதே இடத்தில் அதே நேரத்தில் எடுத்த மற்ற சேலைகளுக்கும் போடலாம்.

சேலைக்கு மட்டும் தானியங்கி நிறத் திருத்தத்தைத் தொடவே கூடாது. படம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் அந்த நிரல் அதைச் சேலை என்று நினைக்காது, கேமராவின் கோளாறு என்று நினைத்துச் சிவப்பைக் குறைத்துவிடும். சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, ஏற்றிப் பளபளப்பாக்கும் ஆசையும் வரும். போனில் பார்த்த நிறம் கையில் வராவிட்டால் சேலை திரும்பி வரும், அம்மாவின் பெயரும் கெடும். படத்தையும் சேலையையும் பக்கத்தில் வைத்து, அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். சாயம் தெரிந்த கண்ணுக்கு ஈடான கருவி எந்த மென்பொருளிலும் இல்லை.

ஜிம்ப் 1995-இல் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் தொடங்கியது, மூன்றாம் பதிப்பு 2025-இல் வந்தது. திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், நாலு ஜிபியில் பொறுமை வேண்டும், மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திறங்கள். தினமும் திறக்க வேண்டியதே இல்லை. ஆனால் பரணிலிருந்து எடுத்த பழைய கல்யாண ஆல்பம் போன்றவற்றுக்கு இதுதான் துணை. அந்தக் காலத்துக் கலர் பிரின்ட்களில் ஒரு சாயம் மற்றதைவிட வேகமாக மங்கியிருக்கும், அதனால்தான் எல்லாரும் செம்மை பூத்துத் தெரிகிறார்கள். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, கலர்ஸில் ஆட்டோ, அதில் ஒயிட் பேலன்ஸ் கொடுத்துப் பாருங்கள். மங்கல் படம் முழுக்கப் பரவியிருப்பதால் இங்கே தானியங்கி நன்றாகவே வேலை செய்யும், சேலைக்கு நேர் எதிர். புள்ளி, கீறல், மடிப்புக்கு ஹீல் கருவி. கண், வாய் ஓரங்களில் அதை ஓட்டாதீர்கள், முகச் சாயலே மாறிவிடும். ஸ்கேன் செய்த மூலத்தை டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஸ்டுடியோவில் போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு கொடுத்தால் ஃபோட்டோபீ என்ற இணைய எடிட்டர் பிரவுசரிலேயே திறக்கும். கோப்பு உங்கள் கணினியிலேயேதான் இருக்கும், எங்கும் ஏற்றப்படுவதில்லை. லினக்ஸ் பக்கம் இருந்தால் ஜிதம்ப், நோமாக்ஸ், ஜிம்ப், டிஜிகேம் எல்லாம் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். போனிலேயே முடிக்க வேண்டிய சின்ன வேலைக்கு ஸ்நாப்சீட் ஆப் போதும்.

ஒன்று கேட்க மறந்திருக்கிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். லொகேஷன் இயக்கத்தில் இருந்தால் போன் படத்துக்குள் எடுத்த இடத்தையும் எழுதி வைக்கும். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது நீங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். வீட்டில் எடுத்த சேலைப் படத்தை முன்பின் தெரியாதவருக்கு அப்படி அனுப்பினால் வீடு எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஜிம்ப்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது இடம் போன்றவை பதிந்திருக்கும் எக்ஸிஃப் தகவலைச் சேர்க்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், இர்ஃபான்வியூவின் சேவ் ஜன்னலிலும் அதே டிக் இருக்கிறது.

சேலைப் படத்தில் விலையைத் தமிழில் எழுத வேண்டுமானால் ஜிம்ப்பில் எழுதுங்கள். நிர்மலா யூஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறாமல் உட்காரும். பாமினி என்ற யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் குழம்பிப்போகும், யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். எழுத்தை முந்தானை மேல் வைக்காமல் படத்தின் ஒரு மூலையில் வையுங்கள், வாங்குபவர்கள் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பது முந்தானையைத்தான்.